ப்ரீசெக்கா, குளோபல் என்ட்ரியா, க்ளியரா? அமெரிக்கால இருக்கற நம்மாளுங்க எதை எடுக்கலாம்

லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்ட உடனே எங்க வாட்சப் குரூப்ல இந்தக் கேள்வி வந்துடும், குளோபல் என்ட்ரி எடுக்கலாமா, ப்ரீசெக் மட்டும் போதுமா, க்ளியர்னு ஒண்ணு இருக்கே அது எதுக்குன்னு. மூணுமே ஏர்போர்ட் லைன்ல நிக்கற நேரத்தைக் குறைக்கற மெம்பர்ஷிப். தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எனக்குத் தெரிஞ்சதை மொத்தமா இங்க எழுதிடறேன்.

ஏர்போர்ட்ல நம்மள நிக்க வைக்கற இடம் மூணு. ஐடி காட்டற இடம், பையை ஸ்கேன் பண்ற இடம், வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வரும்போது இமிக்ரேஷன். க்ளியர் முதல் இடத்தை மட்டும்தான் தாண்ட வைக்கும். ப்ரீசெக் ரெண்டாவது இடத்துக்கு, அங்க தனி லைன், அதுல லேப்டாப்பையும் லிக்விட் பையையும் வெளிய எடுக்க வேண்டாம், பெல்ட்டைக் கழட்ட வேண்டாம். குளோபல் என்ட்ரி இமிக்ரேஷனுக்கு, ஆனா அதை எடுத்தா ப்ரீசெக்கும் கூடவே வந்துடும். இதைத் தெரிஞ்சுக்காம ரெண்டுக்கும் தனித்தனியா காசு கட்டினவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேர் இருக்காங்க.

அடுத்து உங்க ஸ்டேட்டஸ் என்னன்னு பாருங்க, ஏன்னா ப்ரீசெக்குக்கு நேரா அப்ளை பண்ண சிட்டிசனாவோ கிரீன் கார்டுக்காரங்களாவோ இருக்கணும். ஹெச்-1பி வேலை விசால இருக்கற நிறைய பேர் இதைப் படிச்சிட்டு நமக்கு எதுவும் கிடைக்காதுன்னு விட்டுடறாங்க, அது தப்பு. இந்திய பாஸ்போர்ட் இருந்தா 2017லேர்ந்து குளோபல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணலாம், கிடைச்சா ப்ரீசெக்கும் அது வழியா கிடைச்சிடும். கிரீன் கார்டு இல்லாதவங்களுக்கு இந்தியப் பக்கமும் ஒரு வெரிஃபிகேஷன் உண்டு, இந்திய அரசோட பாஸ்போர்ட் சேவா சைட்ல அதுக்குன்னே தனியா அப்ளிகேஷன் இருக்கு. கொஞ்சம் இழுக்கும், அதனால டிக்கெட் போடறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.

காசு கணக்கு ரொம்ப சிம்பிள். குளோபல் என்ட்ரி 5 வருஷத்துக்கு 120 டாலர், 2024 அக்டோபர் வரைக்கும் 100 தான் இருந்துச்சு. ப்ரீசெக் மட்டும்னா யாருகிட்ட பதிவு பண்றோம்ங்கறதைப் பொறுத்து 80 டாலர் பக்கம் வரும், அதுவும் 5 வருஷம். வித்தியாசம் 40 டாலர் சொச்சம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போற குடும்பம்னா கூட அந்த 40 டாலரைக் கொடுத்துடலாம்ங்கறது என் கருத்து, இருபது மணி நேரத்துக்கு மேல பிரயாணம் பண்ணி தூங்கற குழந்தையைத் தோள்ல போட்டுகிட்டு இமிக்ரேஷன் லைன்ல ஒன்றரை மணி நேரம் நின்னவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சில கிரெடிட் கார்டுங்க இந்த ஃபீஸைத் திருப்பிக் கொடுக்குது, கேபிடல் ஒன் வென்ச்சர் எக்ஸ், சேஸ் சஃபயர் ரிசர்வ் மாதிரி கார்டு இருந்தா முதல்ல அதைப் பாருங்க. ப்ரீசெக்குக்கு அந்த சலுகையைப் போட்டுட்டீங்கன்னா குளோபல் என்ட்ரிக்கு நாலு வருஷம் காத்திருக்கணும், ஒண்ணுக்குத்தான் கொடுப்பாங்க.

ப்ரீசெக் மட்டும் எடுக்கறது யாருக்கு சரின்னா, வெளிநாடு அதிகம் போகாம உள்நாட்டுலயே ஆபீஸ் வேலையா பறக்கற சிட்டிசன், கிரீன் கார்டுக்காரங்களுக்கு. அப்புறம் அவசரமா வேணும்ங்கறவங்களுக்கு, சென்டர்ல போய் கைரேகை கொடுத்தா நிறைய பேருக்கு ஒரு வாரத்துக்குள்ள மெம்பர்ஷிப் நம்பர் வந்துடுது. 2025 ஜூலைலேர்ந்து சாதா லைன்லயும் ஷூ கழட்ட வேண்டாம்னு ஆயிடுச்சு, அதனால ப்ரீசெக்கோட மவுசு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை ஃபிளைட் ஏறறவங்க இப்ப இதுக்குன்னு காசு போட வேண்டாம்னுதான் சொல்வேன்.

குழந்தைங்க விஷயத்துலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ப்ரீசெக்ல 12 வயசு வரைக்கும் அப்பா அம்மா கூடவே போயிடலாம், 13லேர்ந்து 17 வரைக்கும் ஒரே புக்கிங்ல இருந்து அவங்க போர்டிங் பாஸ்லயும் ப்ரீசெக்னு வந்திருந்தா போகலாம். குளோபல் என்ட்ரில அப்படி இல்ல, கைக்குழந்தைக்குக் கூட தனி மெம்பர்ஷிப் வேணும். நாங்க ரெண்டு பேரும் எடுத்துட்டு பொண்ணுக்கு எடுக்காம விட்டோம், திரும்பி வரும்போது குழந்தைக்கு இல்லைன்னா சாதா லைன்தான்னு சொல்லிட்டாங்க, மூணு பேரும் அங்கயே போய் நின்னோம். இப்ப அப்பாவோ அம்மாவோ மெம்பரா இருந்தாலோ கூடவே அப்ளை பண்ணாலோ 18 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கிடையாது, அதனால எல்லாருக்கும் சேர்த்தே போட்டுடுங்க.

குளோபல் என்ட்ரிக்கு ஒரு இன்டர்வியூ உண்டு, அதுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது பெரிய ஊர்கள்ல கஷ்டம். அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. அப்ளிகேஷன் கண்டிஷனல் அப்ரூவல் (இன்டர்வியூக்கு முந்தின ஒப்புதல்) ஆனதும் ஊருக்குப் போயிட்டு வாங்க, திரும்பி வந்து இறங்கற ஏர்போர்ட்ல அந்த வசதி இருந்தா இமிக்ரேஷன் ஆபீசர்கிட்டயே இன்டர்வியூவை முடிச்சிடலாம், அப்பாயின்ட்மென்ட்டே வேண்டாம். பாஸ்போர்ட், விசாவோ கிரீன் கார்டோ எது இருக்கோ அது, அட்ரஸ் இருக்கற லைசென்ஸ் இதெல்லாம் கைப்பைல வச்சிருங்க. அபுதாபி வழியா எத்திஹாட்ல வர்றவங்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷன் அபுதாபிலயே முடிஞ்சிடும், குளோபல் என்ட்ரி அங்கயும் வேலை செய்யும்.

நம்ம பேர் பிரச்சனையை இங்க சொல்லியே ஆகணும். பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லாம ஒரே பேரா இருந்தா அமெரிக்க விசால முதல் பேர் இடத்துல எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) போட்டு நம்ம பேரை சர்நேம் இடத்துல போட்டுடுவாங்க. டிக்கெட்ல ஒரு மாதிரி, மெம்பர்ஷிப்ல இன்னொரு மாதிரி இருந்தா போர்டிங் பாஸ்ல ப்ரீசெக் வராது. என் மச்சானுக்கு ஒரு வருஷம் முழுக்க வரவே இல்ல, கடைசில பார்த்தா டிக்கெட்ல அவங்க அப்பா பேரும் சேர்ந்து இருந்துச்சு, மெம்பர்ஷிப்ல இல்ல. புக் பண்ணும்போது மெம்பர்ஷிப்ல இருக்கற பேரையே போட்டு, நோன் டிராவலர் நம்பரையும் (அதாவது மெம்பர்ஷிப் நம்பர்) போடணும், குளோபல் என்ட்ரி கார்டு வந்திருந்தா அதோட பின்பக்கம் இருக்கும். பாஸ்போர்ட் மாத்தினாலோ கிரீன் கார்டு வந்தாலோ சைட்ல அப்டேட் பண்ணிடுங்க.

க்ளியர் ஒரு தனியார் கம்பெனி, வருஷத்துக்கே 200 டாலருக்கு மேல. ஐடி லைன்ல முன்னாடி கொண்டுபோய் விடுவாங்க, பை ஸ்கேன் எல்லாருக்கும் போலத்தான். வாராவாரம் பறக்கற கன்சல்டன்ட், அதுவும் அவங்க ஏர்போர்ட்ல ப்ரீசெக் லைனே நீளமா இருக்குன்னா சரி. மத்தவங்களுக்கு கார்டு சலுகைல வந்தா மட்டும் வச்சுக்கோங்க, கைக்காசு போடாதீங்க. டொரன்டோ பக்கம் சொந்தக்காரங்க இருந்து அடிக்கடி பார்டர் தாண்டறவங்க சிட்டிசனாவோ கிரீன் கார்டுக்காரங்களாவோ இருந்தா அமெரிக்கா-கனடா பார்டருக்கான நெக்ஸஸ் மெம்பர்ஷிப்பைப் பாருங்க, இப்ப அதுவும் 120 டாலர்தான், குளோபல் என்ட்ரியும் ப்ரீசெக்கும் அதுக்குள்ளயே அடக்கம். எதுவுமே வேண்டாம்னு நினைக்கற சிட்டிசனும் கிரீன் கார்டுக்காரங்களும் இமிக்ரேஷன் விவரத்தை ஃபோன்லயே கொடுக்கற மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் ஆப்பையாவது இறக்கி வச்சுக்கலாம், அது ஃப்ரீ.

ஊர்ப் பக்கமும் இந்திய இமிக்ரேஷன்ல சீக்கிரம் போக இப்ப ஒண்ணு வந்திருக்கு, எஃப்டிஐ-டிடிபின்னு. 2024 ஜூன்ல டெல்லில ஆரம்பிச்சு 2025 ஜனவரில சென்னை, பெங்களூரு, கொச்சிக்கெல்லாம் வந்து, அந்த செப்டம்பர்ல திருச்சிக்கும் வந்துடுச்சு. இந்திய பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டு சிட்டிசனா இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டோ இருந்தா போதும், காசு கிடையாது, உள்துறை அமைச்சகத்தோட சைட்ல அப்ளை பண்ணி ஏர்போர்ட்லயே கைரேகை கொடுத்துடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு ஃபிளைட் ஒண்ணா இறங்கற நேரத்துல சென்னை இமிக்ரேஷன் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க இதை விடவே கூடாது. இது இமிக்ரேஷனுக்கு மட்டும்தான், கிளம்பும்போது செக்யூரிட்டி செக் எல்லாருக்கும் போல உண்டு.

குளோபல் என்ட்ரி எடுத்தவங்க சாப்பாட்டு சாமான் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. அம்மா பாசத்துல பெட்டி ஓரத்துல ஒரு கட்டு கறிவேப்பிலை சொருகி விட்டிருப்பாங்க, பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்கால தடை, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பற பூச்சி அதுல வரும்னுதான். டிக்ளேர் பண்ணா எடுத்து குப்பைல போடுவாங்க அவ்வளவுதான், சொல்லாம மாட்டினா ஃபைன் போட்டு மெம்பர்ஷிப்பையும் கேன்சல் பண்ணிடலாம். ஊறுகாய், பொடி, வடகம் எதுவா இருந்தாலும் உணவுப்பொருள் இருக்குன்னு ஆபீசர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிடுங்க.