உங்கள் ஊர் வானொலி, கேபிள் சேனல், நாளிதழ்களுக்கு ஒரு பதிவேடு: புதியவர்களுக்கான செய்முறை

ஓர் ஊரில் பல வருடம் ஓடிய கேபிள் சேனல் நின்றுபோனால், அது எப்போது தொடங்கியது, யார் நடத்தினார்கள், என்னென்ன காட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கியது, சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது என்ற விவரமெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். மாவட்டத் தலைநகரில் வரும் வார இதழுக்கும், கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிக்கும் சமுதாய வானொலிக்கும் அப்படி எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. வீட்டில் உட்கார்ந்தபடியே அதை நீங்கள் எழுதிவைக்க முடியும். வேண்டியது ஒரு நீள நோட்டு, ஒரு ரேடியோ, ஒரு போன், வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்.

படி 1: நோட்டில் கட்டம் போடுங்கள்

தேதி, நேரம், நீங்கள் இருந்த இடம், ஊடகத்தின் பெயர், அலைவரிசை அல்லது சேனல் எண், கேட்டது அல்லது பார்த்தது, ஆதாரம் என ஏழு கட்டம் போதும். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். ‘7 மணி’ என்று மட்டும் எழுதினால் அது காலையா மாலையா என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். அங்கே மூன்று சொற்களில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: ‘நேரில்’, ‘ஆவணம்’, ‘பிறர் சொன்னது’. நீங்களே கேட்டது, பார்த்தது நேரில். அச்சில் இருப்பது, அரசுப் பட்டியலில் இருப்பது ஆவணம். டீக்கடையில் கேட்டதும், நிலைய ஊழியர் போனில் சொன்னதும் பிறர் சொன்னது. இந்த மூன்றையும் கலந்து எழுதினால் பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளூர் ஊடகம் பற்றி உலவும் தவறான தகவல்களில் பெரும்பாலானவை, மூன்றாம் வகைச் செய்தியை யாரோ முதல் வகைபோல எழுதிவைத்ததால் வந்தவை.

படி 2: எஃப்.எம். அலைவரிசையை முழுதாகத் துழாவுங்கள்

எண் திரை உள்ள ரேடியோ வேண்டும். முள் நகரும் பழைய ரேடியோவில் 91.1-க்கும் 91.9-க்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். போனில் உள்ள எஃப்.எம். வசதியும் உதவும், ஆனால் இயர்போன் வயர்தான் அதற்கு ஆன்டெனா, வயரைச் செருகி நீளமாகத் தொங்கவிட வேண்டும். இணையத்தில் ஓடும் நேரலையை ரேடியோ என்று கணக்கில் எடுக்காதீர்கள். அது வேறு ஊர் நிலையத்தின் ஒலிபரப்பாக இருக்கலாம், சில நொடிகள் தாமதமாகவும் வரும்.

87.5 மெகா ஹெர்ட்ஸில் தொடங்கி 0.1 வீதம் ஏறி 108 வரை போங்கள். ‘ஆட்டோ ஸ்கேன்’ பொத்தானை நம்ப வேண்டாம். சமுதாய வானொலியின் டிரான்ஸ்மிட்டர் வழக்கமாக 50 வாட் அளவுதான். சில கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஸ்கேன் அதைத் தாண்டிவிடும். 90.4, 91.2, 107.8 போன்ற எண்களில் நின்று நிதானமாகக் கேளுங்கள். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-இல் சென்னையில் தொடங்கியது 90.4-இல்தான். அதே எண் வேறு ஊர்களில் வேறு நிலையங்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதனால் எண்ணை மட்டும் வைத்துப் பெயர் எழுதாதீர்கள். நிலையம் தன் பெயரைத் தானே சொல்லும்வரை காத்திருங்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இங்கே வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கும்.

முதலாவது, பொய் நிலையம். டிரான்ஸ்மிட்டர் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், பலமான இரண்டு நிலையங்கள் ரேடியோவுக்குள்ளேயே கலந்து மூன்றாவது இடத்தில் முளைக்கும். அது எங்கே முளைக்கும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம்: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழியுங்கள். சென்னையில் 93.5-இல் சூரியனும் 98.3-இல் மிர்ச்சியும் இருக்கின்றன. 98.3-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்தால் 103.1. 93.5-ஐ இரட்டித்து 98.3-ஐக் கழித்தால் 88.7. இந்த இடங்களில் இரண்டு நிலையமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டால் அது பொய். ஆன்டெனா கம்பியை முழுதாக உள்ளே தள்ளிப் பாருங்கள். பொய் மறைந்துவிடும், உண்மையானது கொஞ்சம் மங்கினாலும் நிற்கும்.

இரண்டாவது, விருந்தாளி நிலையம். கோடையில் கடலோர மாவட்டங்களில் கடல்மேல் காற்றடுக்குகள் எஃப்.எம். அலைகளை வளைத்து வெகுதூரம் கொண்டுவந்துவிடும். நாகப்பட்டினம் பக்கம் இரவிலும் விடிகாலையிலும் இலங்கை நிலையங்கள் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்பது இப்படித்தான். அதனால் முதல் துழாவலை முற்பகல் 11 மணிக்கு மேல் செய்து, வேறொரு நாள் அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். இரண்டு தடவையும் கேட்டதுதான் உங்கள் ஊர்ப் பட்டியலில் சேரும்.

படி 3: மத்திய அலை (ரேடியோவில் AM அல்லது MW)

ரேடியோ வாங்கியதும் அமைப்புகளில் 9 கிலோ ஹெர்ட்ஸ் படிநிலையைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கச் சந்தைக்கு வந்த ரேடியோக்கள் 10, 10-ஆகத்தான் தாவும். நம் பக்கத்து மத்திய அலை நிலையங்களின் எண்கள் எல்லாம் 9-ஆல் வகுபடுபவை: சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197. பத்துப் பத்தாகத் தாவும் ரேடியோ 720-இல் சரியாக நிற்கும், 936-ஐத் தவறவிட்டு 940-இல் போய் நின்று கரகரக்கும். ‘சென்னை கிடைக்கிறது, திருச்சி போய்விட்டது’ என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

கரகரப்புக்கு இன்னொரு காரணம் உங்கள் வீடு. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் மத்திய அலையில் இரைச்சல் கிளப்பும். ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். பிறகு ரேடியோவை மேசைமேல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி அடங்கும், பக்கவாட்டு பார்த்திருந்தால் ஓங்கும். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் மோதும்போது, ஒன்றை அடக்கி மற்றதைக் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை.

உள்ளூரில் எடுக்கிறதா என்று பார்க்க நண்பகல்தான் சரியான நேரம். சூரியன் மறைந்ததும் வானில் அலையை உறிஞ்சும் கீழடுக்கு கலைந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நிலையங்கள் வரத் தொடங்கும். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் உள்ளூர்க் கணக்குக்கு ஆகாது.

படி 4: ஒரு நிலையத்தின் ஒரு மணி நேரம்

பெயரும் எண்ணும் சேர்ந்தபின், ஒரு நிலையத்தை எடுத்து ஒரு மணி நேரம் விடாமல் கேட்டு நிமிடக் கணக்கில் எழுதுங்கள். உதாரணத்துக்கு:

07:00 நிலையப் பெயர். 07:01 விளம்பரம்: ஜவுளிக்கடை, பேருந்து நிலையம் எதிரில். 07:02 விளம்பரம்: அகில இந்திய பிராண்ட். 07:03 பாட்டு. 07:08 தொகுப்பாளர் பேச்சு: மேம்பால வேலையால் போக்குவரத்து மாற்றம்.

இதிலிருந்து நிலையத்தின் குணம் தெரிந்துவிடும். உள்ளூர்க் கடை விளம்பரம் எத்தனை, ஊர்ப்பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட வராவிட்டால், அந்த நேரத்து நிகழ்ச்சி வேறு ஊரில் தயாராகி இங்கே அஞ்சலாகிறதா என்று சோதிக்க வேண்டும். அதே குழுமத்தின் பக்கத்து ஊர் நிலையத்தை அங்குள்ள நண்பரை அதே நிமிடம் கேட்கச் சொல்லுங்கள், விடை கிடைத்துவிடும்.

தனியார் எஃப்.எம். நிலையத்தில் ‘செய்தி’ என்று எழுதுமுன் இன்னொரு தடவை கேளுங்கள். தனியார் எஃப்.எம்.முக்கான மத்திய அரசின் 2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கைப்படி அவர்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, ஊர் நிகழ்ச்சி அறிவிப்பு எல்லாம் தகவல் என்ற கணக்கில் வரும். நோட்டிலும் ‘தகவல்’ என்றே எழுதுங்கள்.

ஒலிப்பதிவும் வேண்டும். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து ரெக்கார்டருக்கு வயர் போட முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனை ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் எம்.பி.3 போதும், ஒரு மணி நேரம் 29 எம்.பி.க்குள் அடங்கும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, நேரம், அலைவரிசை இந்த வரிசையில் வரட்டும்; ஆண்டு முதலில் இருந்தால் கோப்புகள் தானாகவே கால வரிசைப்படி நிற்கும்.

படி 5: நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கடைசிப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில இதழ்களில் உள்பக்கத்தில் இருக்கும். இன்னார் சார்பில் இன்னாரால், இந்த முகவரியில் உள்ள அச்சகத்தில் அச்சிட்டு, இந்த முகவரியிலிருந்து வெளியிடப்படுகிறது, ஆசிரியர் இன்னார் என்று அது போகும். ‘சார்பில்’ என்பதற்கு முன்னால் இருப்பவர் உரிமையாளர். ‘ஆல்’ என்று முடிபவர் அச்சிடுபவரும் வெளியிடுபவரும். அச்சக முகவரி வேறு ஊராகவும் இருக்கலாம். அதனால் உங்கள் ஊர் இதழ் வேறு ஊர் இதழாகிவிடாது. இந்த ஐந்து விவரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். உரிமையாளரையும் வெளியிடுபவரையும் ஒருவராக எண்ணிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அடுத்தது பதிவு எண். தமிழ்நாட்டு இதழ்களில், புதிய முறையில் ஐந்து எழுத்து, பிறகு ஆண்டு, பிறகு வரிசை எண் இருக்கும். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த மூன்று மொழி. பழைய இதழ்களில் வெறும் எண்ணும், சாய்கோடு போட்டு இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டு பதிவு செய்த ஆண்டுதான், இதழ் தொடங்கிய ஆண்டு அல்ல. தினமணி 1934-இல் தொடங்கியது. பத்திரிகைப் பதிவாளர் அலுவலகமே 1956-இல்தான் வந்தது. தொடங்கிய ஆண்டுக்கு முதல் பக்கத்து ‘மலர்’, ‘இதழ்’ எண்களைப் பாருங்கள். மலர் 12 என்றால் பன்னிரண்டாம் ஆண்டு நடக்கிறது. வார இதழின் எண் மூன்று மாதத்தில் 13 ஏறியிருக்க வேண்டும். 6 மட்டும் ஏறியிருந்தால் பாதி வாரங்கள் இதழ் வரவில்லை. விளம்பரத்துக்காக மட்டும் அவ்வப்போது அச்சாகும் இதழ்களை இது காட்டிக்கொடுக்கும்.

இதழ்ப் பதிவுக்கான 1867-இன் பழைய சட்டத்துக்குப் பதில் 2023-இன் புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் இதழ்ப் பெயரைத் தேடலாம். பட்டியலில் பெயர் இருப்பதால் இதழ் இப்போது வருகிறது என்று ஆகாது. பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் நிறைய. பழைய இதழ்க் கட்டு கையில் கிடைத்தால் மார்ச் மாத முதல் இதழைத் தேடிப் பிடியுங்கள். ‘நான்காம் படிவம்’ என்ற பெட்டிச் செய்தியில் உரிமையாளரும், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களும் பெயரோடு இருப்பார்கள்.

பெரிய நாளிதழ்களில் பதிப்பைக் கவனியுங்கள். தூரத்து ஊர்களுக்குப் போகும் பதிப்பு முன்னிரவிலேயே அச்சேறும், நகரப் பதிப்பு பிந்தி ஏறும். இரவு 11 மணிக்கு முடிந்த கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு இருக்கிறதா என்று பார்த்தால் உங்கள் ஊருக்கு வருவது எது என்று தெரிந்துவிடும். எத்தனை பிரதி விற்கிறது என்று ஏஜென்ட் சொன்னால் ‘பிறர் சொன்னது’ என்று எழுதி, அது வந்த கட்டின் கணக்கா, ரிட்டன் கழித்த கணக்கா என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனை எண்ணிக்கையும் வாசகர் எண்ணிக்கையும் வேறு. ஒரு பிரதியைப் பலர் படிப்பார்கள். விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள்.

படி 6: கேபிள் சேனல்

இது சுருக்கம். ஒரே சேனல் ஒவ்வொரு கேபிள் நிறுவனத்திலும் ஒவ்வொரு எண்ணில் வரும், ஆகவே எண்ணோடு நிறுவனத்தின் பெயரும் வேண்டும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிடும் அனுமதி பெற்ற செயற்கைக்கோள் சேனல் பட்டியலில் பெயர் இல்லையென்றால், அது கேபிள்காரரே நடத்தும் உள்ளூர்ச் சேனலாக இருக்கலாம். திரையைப் போனில் படம் எடுக்கும்போது சேனல் எண் பட்டை தெரியும் நொடியில் எடுங்கள். ஊர்த் திருவிழா, கோயில் தேரோட்டம், உள்ளாட்சித் தேர்தல் நாட்களில் கட்டாயம் பாருங்கள். ஆண்டு முழுவதும் படப்பாட்டு ஓட்டும் சேனல்கூட அன்றைக்குச் சொந்தக் கேமராவோடு வரும்.

படி 7: நின்றுவிட்டதா?

ஒரு நாள் கேட்கவில்லை என்பதற்காக ‘மூடப்பட்டது’ என்று எழுதக் கூடாது. மின்வெட்டு, டிரான்ஸ்மிட்டர் பழுது, பராமரிப்பு என்று காரணம் ஆயிரம். ‘இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடத்தில் கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். காலை, பகல், மாலை மூன்று வேளையும் ஒரு வாரம் பாருங்கள். அதன்பின் நிலையத்துக்குப் போன் செய்து கேளுங்கள். மூடியது உறுதியானால், கடைசியாக நீங்களே கேட்ட தேதியையும், முதன்முதலில் கேட்காமல் போன தேதியையும் இரண்டு வரியாக எழுதுங்கள். உண்மையான நாள் அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களை அந்த மாதத்திலேயே சந்தித்து, நிகழ்ச்சி அட்டவணை, நிலைய முத்திரை இசை, தொடக்க விழா அழைப்பிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தைக் காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது அவைதான்.