டீர்ஃபீல்டின் பழைய தெருவைப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள டீர்ஃபீல்டு என்னும் சிற்றூரில், ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள பழைய தெருவின் இருபுறமும் நிற்கும் மரவீடுகளைப் பார்ப்பவர்கள், 1704ஆம் ஆண்டுத் தாக்குதலைக் கண்ட வீடுகள் இவைதாம் என்று எண்ணிவிடுவதுண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் எழுந்தவை. ஆகவே போரின் தடயத்தைத் தேடி வருபவர், வீடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, முதலில் மெமோரியல் ஹால் அருங்காட்சியகத்துக்குச் செல்வதே நல்லது.

செல்லுமுன் வரலாற்றைச் சிறிதேனும் படித்துக்கொள்ள வேண்டும். இது போகம்டக் பூர்வகுடிகளின் நிலம். ஆங்கிலேயர் இங்கே குடியேறி அமைத்த ஊர், பூர்வகுடிகளுடன் 1675இல் மூண்ட போரில் கைவிடப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் குடியேற்றம் கண்டது. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய போரின்போது, 1704 பிப்ரவரி 29 அன்று விடியுமுன், பிரெஞ்சுக்காரரும் அவர்களுடைய பூர்வகுடிக் கூட்டாளிகளும் சேர்ந்த படை, மரக்கழி அரணை ஒட்டிக் குவிந்திருந்த பனியின் மீதேறி உள்ளே குதித்தது. ஏறத்தாழ 50 பேர் கொல்லப்பட்டனர்; 112 பேர் சிறைபிடிக்கப்பட்டு, கடுங்குளிரில் சுமார் 300 மைல் தொலைவு கனடாவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

அன்று கோடரியால் பிளக்கப்பட்ட, ஷெல்டன் என்ற குடியேறியின் வீட்டுக் கதவு, 1848இல் அவ்வீடு இடிக்கப்பட்ட பிறகும் எஞ்சி, இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன் சற்று நேரம் நிற்கலாம். ஊரில் வேறெந்தப் பொருளும் அந்த இரவை இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. ஆனால் 1880இல் திறக்கப்பட்ட இந்நிறுவனம் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் உருவாக்கியது என்பதை மறக்காமல், நினைவுப் பலகைகள் யாருடைய துயரத்தைப் பேசுகின்றன என்று கவனித்தே வாசிக்க வேண்டும். ஏழு வயதில் பிடித்துச் செல்லப்பட்ட பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் மகள் யூனிஸ், மொஹாக் என்னும் பூர்வகுடியினரின் குடும்பமொன்றில் வளர்ந்து, அவர்களுள் ஒருவரையே மணந்து, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார் என்ற செய்தி, பலகைகளின் எளிய கணக்குக்குள் அடங்குவதில்லை.

அடுத்து, நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ள பழைய இடுகாட்டுக்குப் போய், 1704இல் இறந்தோரை ஒன்றாகப் புதைத்த மேட்டைப் பார்க்கலாம். அதன் பிறகு தெருவில் நடந்தால், அரண் நின்ற எல்லையை மனத்தில் வரைந்துகொள்வது எளிதாகும்.

வீடுகளுள் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் வெல்ஸ்-தார்ன் இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள்; அறைக்கு அறை காலம் முன்னேறுவதுபோல் அது அமைக்கப்பட்டிருக்கிறது. பாதிரியார் ஆஷ்லியின் இல்லத்துக்குச் சென்றால், அங்கே அடிமைகளாக உழைத்தவர்களைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்பது அவசியம். ஃபிளின்ட் தம்பதியர் 1952இல் நிறுவிய அமைப்பு பராமரிக்கும் வீடுகளுக்கு நுழைவுச்சீட்டு தேவை. தெருவில் நடக்கக் கட்டணமில்லை. மக்கள் குடியிருக்கும் வீடுகளும் பள்ளி வளாகமும் இடையிடையே இருப்பதால், திறந்திருக்கும் வாயிலிலெல்லாம் நுழைந்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் பல வீடுகள் மூடப்பட்டிருக்கும் என்பதால் திறப்பு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் வாகனமும் நேரமும் இருந்தால், தெற்கு டீர்ஃபீல்டில், முன்னே சொன்ன 1675ஆம் ஆண்டுப் போரில் நடந்த பிளடி புரூக் மோதலுக்கான நினைவுத்தூணையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.