நீண்ட இடைவெளிக்குப் பின் பேஸ்பால் அம்பயரிங்: உடம்பு நோகாமல் தொடங்குவது எப்படி?

கிரிக்கெட் அம்பயர் நாள் முழுக்க நிற்கிறார். பேஸ்பாலில் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த வெள்ளைத் தகட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயரோ ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழ வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டம் 7 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் செய்யும். இரண்டு அணியும் சேர்ந்து 200 முதல் 250 பந்து வரை வீசுவார்கள். அதாவது இரண்டு மணி நேரத்துக்குள் இருநூறுக்கு மேல் தோப்புக்கரணம், அதுவும் முகமூடி, மார்புக்கவசம், கால்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு. குளிர்காலம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பை மார்ச் மாதத்தில் திடீரென்று இதற்குள் இறக்கினால் மறுநாள் படிக்கட்டு இறங்க முடியாது. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் முதல் வார ஆட்டத்தை முடித்தவர்களாக இருப்பார்கள்.

வயதாகிவிட்டது, அதனால்தான் வலி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு இரண்டு விஷயங்களுக்கு: உட்கார்ந்த நிலையில் தேவைக்கு மேல் நேரம் கழிப்பது, பழக்கமில்லாத சுமையை ஒரே நாளில் ஏற்றுவது. இரண்டையும் சரிசெய்யலாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆடுகளத்தை விட்டு விலகியிருந்தவர்களுக்கும், புதிதாக அம்பயரிங் தொடங்குகிறவர்களுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். இதயநோய், சர்க்கரை, பழைய முழங்கால் அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே, ஏன் வலிக்கிறது?

தொடையின் முன்பகுதிதான் முதலில் புகார் சொல்லும். கீழே இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த வகை வேலைதான் அதிக வலியைத் தரும். ஆட்டம் முடிந்த அன்று ஒன்றும் தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு கூடி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், நாலைந்து நாளில் தானாகவே அடங்கும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

கீழ்முதுகு வலி வேறு கதை. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிவதுதான் காரணம். அப்படிக் குனிந்தால் முகம் தரையைப் பார்க்கும். பந்து வீசும் பிட்சரைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்து தூக்க வேண்டியிருக்கும். முகமூடியின் எடையும் அதே கழுத்தில். ஆகவே முதுகுவலியும் பிடரிவலியும் சேர்ந்து வந்தால் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கெண்டைச்சதையும் பின்தொடையும் நோவது பெரும்பாலும் பேஸ் அம்பயருக்கு, அதாவது ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் பேஸ்களின் அருகே நிற்பவருக்கு. பத்து நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, அடுத்த நொடியில் முழு வேகத்தில் ஓடுவார். குளிர்ந்துபோன தசை அந்த இழுப்பைத் தாங்காமல் கிழிகிறது.

படி 2: நான்கு வாரத் தயாரிப்பு

முதல் ஆட்டத்துக்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள், வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை சில வாரங்களில் பழகிவிடும், எலும்போடு அதை இணைக்கும் தசைநாணுக்கு இன்னும் அதிக காலம் வேண்டும். அதனால்தான் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகச் செய்யும் பயிற்சி பலன் தருவதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், 10 தடவை வீதம் 3 சுற்று. இறங்குவதற்கு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பென்று விழக் கூடாது. இரண்டாம் வாரம் முதல் நாற்காலியைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்று எழுங்கள். அடுத்து, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, 12 தடவை வீதம் 3 சுற்று. இதையே முழங்காலைச் சற்று மடக்கி இன்னும் 2 சுற்று செய்ய வேண்டும், ஏனென்றால் கெண்டையின் அடியிலுள்ள தசை முழங்கால் மடங்கியிருக்கும்போதுதான் முழுதாக உழைக்கும். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, 10 தடவை வீதம் 3 சுற்று. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து 5 நொடி அழுத்திப் பிடிப்பது, 10 தடவை. கால் அகட்டி உட்காரும்போது தொடையின் உள்பக்கம் பிடித்துக்கொள்வதை இது நன்றாகவே தடுக்கும்.

இவற்றைவிட முக்கியமானது ஆட்டத்தையே ஒத்திகை பார்ப்பது. கண்ணாடி முன்னால் நின்று, பந்து வருவதுபோல் நினைத்து இறங்குங்கள். 3 நொடி பிடித்து, எழுந்து, 12 நொடி சும்மா நில்லுங்கள். இப்படி 15 தடவை செய்தால் ஓர் அரை இன்னிங்ஸ், அதாவது ஓர் அணி பேட் செய்யும் பகுதி. இரண்டு நிமிடம் நடந்துவிட்டு அடுத்த அரை இன்னிங்ஸ். முதல் வாரம் 2, இரண்டாம் வாரம் 4, மூன்றாம் வாரம் 6, நான்காம் வாரம் 8. கடைசி இரண்டு வாரமும் கவசங்களை மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

ஓட்டத்துக்கு, ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு உள்ள 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர் போதும். முழங்காலில் கை வைத்த நிலையிலிருந்து கிளம்பி 6 தடவை. முதல் வாரம் பாதி வேகத்துக்குச் சற்று மேலே மட்டும். முழு வேகம் நான்காம் வாரத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

படி 3: கவசங்களும் காலணியும்

பிளேட் அம்பயரின் காலணியில் விரல்களுக்கு மேல் இரும்போ கடின பிளாஸ்டிக்கோ இருக்கும், புறங்காலுக்கு மேல் ஒரு மடல் இருக்கும். அது வளைந்து கொடுக்காது. புதிதாக வாங்கியதை நேராக ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் கொப்புளம் நிச்சயம். ஆட்டத்துக்குப் போடும் அதே காலுறையோடு வீட்டில் தினமும் 20 நிமிடம், ஒரு வாரம் நடந்து பழக்குங்கள். பழைய காலணி என்றால் உள்ளங்கால் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். குதிகால் இடம் சப்பையாகிப் போயிருந்தால் அட்டையை மட்டும் மாற்றினாலே குதிகால் வலி குறையலாம்.

கால்கவசத்தின் கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் ஓடும்போது ஒன்றில் ஒன்று மாட்டி ஆளைத் தள்ளிவிடும். முழங்காலுக்குப் பின்னால் வரும் பட்டையை, நிற்கும்போது சரியாக இருக்கிறது என்று இறுக்கிவிடாதீர்கள். உட்கார்ந்த நிலையில் அந்த இடம் பருக்கும். இறங்கி உட்கார்ந்தபடி இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் நாலாவது இன்னிங்ஸில் கெண்டை மரத்துப்போகும்.

முகமூடியை இறுக்கிக் கட்டினால் தாடையும் நெற்றியும் வலிக்கும். தலையை ஆட்டினால் நழுவாத அளவு போதும். ஹெல்மெட் போல் தலை முழுவதையும் மூடும் வகை ஒரு கிலோவுக்கு மேல் எடை வரும், கழுத்துவலி உள்ளவர்களுக்குப் பழைய பாணி முகமூடியே இலகு. மாற்றுப் பந்துகளை இடுப்பில் தொங்கவிடும் பந்துப் பை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒரு பந்து ஏறக்குறைய 145 கிராம். ஐந்து பந்தை ஒரே பக்கம் தொங்கவிட்டால் முக்கால் கிலோ ஒருபக்கமாக இழுக்கும்.

படி 4: உட்காரும் முறை

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர், பொறுமையாகப் படியுங்கள்.

பிளேட்டுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நில்லுங்கள். கால்களைத் தோள் அகலத்தைவிட நன்றாக அகட்டி, பேட்டர் பக்கத்துக் காலை முன்னால் வைத்து, அதன் குதிகால் இருக்கும் கோட்டில் மற்றக் காலின் விரல்நுனி வரும்படி வையுங்கள். பாதங்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும், முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்கட்டும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கே நோவு தெரியும். இனி, பின்னால் ஒரு உயர முக்காலி இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குங்கள். மோவாய் கேட்சரின் தலையுச்சி உயரத்துக்கு வந்தால் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் ஸ்ட்ரைக் ஸோனின் (பந்து சரியாக வந்ததா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லும், பிளேட்டுக்கு மேலுள்ள பகுதியின்) கீழ்ப்பகுதியும் தெரியாது, தொடையும் வீணாக எரியும். கழுத்து நேராக இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, பிட்சரைப் பார்க்கக் கண்ணை மட்டும் உயர்த்தினால் போதும் என்ற நிலையில் இருக்கிறீர்களா என்று பார்ப்பது. தலையைத் தூக்க வேண்டியிருந்தால் இடுப்பிலிருந்து குனிந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு காலை மிகவும் பின்னால் நீட்டி, முன்னால் சாய்ந்து நிற்கும் கத்தரி நிலையையும் சிலர் பயன்படுத்துவார்கள். கழுத்துக்கு அது கடுமையான வேலை. இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, எப்போது இறங்குவது? பிட்சர் கேட்சரின் சைகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு பந்துக்கு 8 நொடி என்றால் 240 பந்துக்கு 32 நிமிடம் தொடை எரிய உட்கார்ந்திருக்கிறீர்கள். பிட்சர் வீசுவதற்கு உடலை அசைக்கத் தொடங்கும்போது இறங்கினால் 3 நொடி. மொத்தம் 12 நிமிடம். எந்த உடற்பயிற்சியும் செய்யாமலே 20 நிமிடச் சுமை கழிந்துவிட்டது. பந்து கேட்சரின் கையுறைக்குள் விழுந்து தீர்ப்பைச் சொன்னதும் முழுதாக எழுந்து, முழங்காலை நிமிர்த்தி, ஒரு மூச்சு விடுங்கள். அரைகுறையாக எழுந்து நிற்பது ஓய்வாகாது.

பிளேட்டைத் தூசி தட்டும்போதும் கவனம் தேவை. ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி இறங்கித் தட்டுங்கள். காலை விறைத்துக்கொண்டு மார்புக்கவசத்தோடு குனியும் அந்த ஒரு நொடியில் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

படி 5: ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும்

வாகன நிறுத்துமிடத்தில்தான் பெரும்பாலும் உடை மாற்றுவீர்கள். கவசம் மாட்டுமுன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். 3 நிமிடம் வேக நடை, காரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 தடவை வீசுவது, அடி எடுத்து முழங்காலை மடக்கி இறங்குவது பக்கத்துக்கு 6, மெதுவான ஓட்டம் 3 தடவை, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்று வேகமாக. தசையை இழுத்து அரை நிமிடம் பிடித்துவைக்கும் நீட்டலை இப்போது செய்ய வேண்டாம், அது ஆட்டம் முடிந்தபின். மார்ச் மாதக் குளிரில் முழுக்கால் வெப்ப உள்ளாடையைத் தவறவிடாதீர்கள்.

ஒவ்வோர் அரை இன்னிங்ஸ் முடிவிலும் கோட்டோரம் நடங்கள். கையை இடுப்பில் ஊன்றி 5 தடவை பின்னால் நிமிருங்கள். வெயில் நாளில் அப்போதெல்லாம் சில மடக்குத் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேஸ் அம்பயராக இருந்தால் பந்துகளுக்கு நடுவில் பாதத்தை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டே இருங்கள்.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு களம் இறங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எச்சரிக்கும் வலியையே அது மறைத்துவிடும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

படி 6: முதல் மாத ஆட்டங்கள்

முதல் வாரம் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு மூன்று இன்னிங்ஸ் மட்டும் பிளேட்டில் நில்லுங்கள். அடுத்த வாரம் ஒரு முழு ஆட்டம். சிறுவர்களின் லிட்டில் லீக் 6 இன்னிங்ஸ்தான், பேஸ்களுக்கு இடையே 60 அடிதான், திரும்பி வருகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் அங்கே கேட்சர் சின்னப் பிள்ளை, இன்னும் தாழ்வாக இறங்க வேண்டியிருக்கும். கால்களை இன்னும் அகட்டிச் சமாளியுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் ஒன்றில் பிளேட், மற்றதில் பேஸ் என்று கூட்டாளியோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிளேட்டை முதலில் எடுப்பது நல்லது, களைத்த காலோடு 240 தடவை உட்காருவதைவிட அது மேல்.

ஆட்டம் முடிந்ததும் நேரே காரில் ஏறாதீர்கள். 5 நிமிடம் நடந்து, தொடை முன்பகுதி, இடுப்பின் முன்பகுதி, கெண்டை மூன்றையும் 30 நொடி வீதம் இரண்டு தடவை நீட்டுங்கள். மறுநாள் படுத்தே கிடக்காமல் 20 நிமிடம் நடந்தால் பிடிப்பு சீக்கிரம் விடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனத்து வலித்தால் அது உழைப்பின் வலி. ஒரே இடத்தில், ஒரே பக்கம், சுருக்கென்று வந்து நொண்ட வைத்தால் அது காயம். அன்றைய ஆட்டம் அங்கேயே முடிந்தது. கெண்டையிலோ குதிகாலுக்கு மேலோ யாரோ உதைத்ததுபோல் 'டப்' என்று உணர்ந்தால் ஓட முயலாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்தாலும், முதுகுவலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலும் தாமதிக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தமோ மூச்சு முட்டலோ வந்தால் உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள்.

பேட்டில் உரசிய பந்து முகமூடியில் வந்து அடித்தபின் தலை கிறுகிறுத்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, எத்தனையாவது இன்னிங்ஸ் என்று ஒரு கணம் தடுமாறினாலோ பிளேட்டில் தொடரக் கூடாது. பந்துக் கணக்கு வைக்கும் கைக்கருவியைக் கூட்டாளி அம்பயரிடம் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். அவர் தனியாகவே மீதி ஆட்டத்தை நடத்துவார். நீங்கள் காரை ஓட்டாமல் இன்னொருவரை அழைத்து மருத்துவரிடம் போங்கள்.