பெலீஸ் விலங்குப் பூங்கா லாட்ஜில் தங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மத்திய அமெரிக்காவின் பெலீஸுக்குப் போகிறவர்கள் பலரும் அந்நாட்டு விலங்குப் பூங்காவை உச்சி வெயிலில் அவசரமாகச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். சிறுத்தை மாதிரி புள்ளியுள்ள பெரும்பூனையான ஜாகுவாரும், பன்றி மாதிரி தோன்றும் டேப்பிரும் பொழுது சாய்ந்த பிறகே சுறுசுறுப்பாகும்; மதியத்தில் நிழலில் சுருண்டு கிடக்கும். நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் பூங்காவின் சொந்த ஜங்கிள் லாட்ஜ் இருக்கிறது. ஒரு ராத்திரியாவது தங்குங்கள். இரவில் பூங்காவைச் சுற்றிப் பார்க்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"பாவம், காட்டில் விட்டால் என்ன?" என்று பராமரிப்பாளர்களிடம் கோபப்படுவது அடுத்த தவறு. 1983-ல் ஓர் ஆவணப்படத்துக்காக வைத்திருந்த 17 விலங்குகள், படப்பிடிப்பு முடிந்து பணமும் தீர்ந்தபோது நிர்க்கதியாக நின்றன. மனிதர் கையில் தின்று பழகியவை காட்டில் பிழைக்காது. அவற்றைப் பார்த்துக்கொண்ட ஷாரன் மட்டோலா தொடங்கியதுதான் இந்தப் பூங்கா. 2021-ல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். மாடு அடிக்கும் ஜாகுவார்களும் இங்கே வருகின்றன. வெளியே இருந்தால் பண்ணைக்காரர்கள் சுட்டுவிடுவார்கள். அப்படி மாடு தேடி வரும் சிலவற்றின் தலையில் பழைய துப்பாக்கிக் காயம் இருக்கும். காட்டில் ஓடி வேட்டையாட முடியாத விலங்கு வேறு எங்கே போகும்?

இதனால்தான் சொல்கிறேன்: லாட்ஜ் வராந்தாவில் வாழைப்பழம் வைத்து எதையும் வரவழைக்காதீர்கள். இன்று உங்கள் கையில் தின்கிற விலங்கு நாளை கம்பிக்கு உள்ளே போக வேண்டியதாகிவிடும்.

டேப்பிர் அந்நாட்டின் தேசிய விலங்கு. ஊர்க்காரர்களுக்கு அது 'மலைப் பசு'. மூக்கு குட்டித் துதிக்கை மாதிரி வளைந்து வளைந்து இலையைத் தேடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதன் பின்பக்கமாக நிற்காதீர்கள்: சிறுநீரைப் பின்னோக்கிப் பீய்ச்சும், நல்ல தூரத்துக்கு.

ராத்திரியில் வெறுங்காலோடு படியிறங்க வேண்டாம். ஊரில் 'டாமிகாஃப்' என்று சொல்லும் கடும் விஷப்பாம்பு அந்தப் பகுதிகளில் உண்டு. மூடிய ஷூ, டார்ச் இரண்டும் கட்டாயம். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம், கொசுத் தொல்லை அதிகம். முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள்.

பெலீஸ் சிட்டியிலிருந்து பெல்மோபான் போகும் சாதாரண பஸ்ஸில் ஏறி, 29-வது மைலில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விலை பேசும்போது எந்த டாலர் என்றும் கேளுங்கள்: ஓர் அமெரிக்க டாலருக்கு 2 பெலீஸ் டாலர்.