காய்கறிக் குளிர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறித்த காய்கறி குளிரைத் தாங்குவதற்கும் தாங்காமல் போவதற்கும் எந்த மரபணுக்கள் காரணம் என்று தேட ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை போடாதது, குழாயில் பெயர் எழுதாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் மாதத்தில் தானாகத் திருந்திவிடும். கட்டுரை எழுத உட்கார்ந்த பிறகு பல்லிளிக்கும் தவறுகள்தான் இங்கே.

அராபிடாப்சிஸ் முடிவுகளை அப்படியே தக்காளிக்குப் பொருத்துவது

தாவர மரபணு ஆய்வில் மாதிரியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ், சில நாள் மிதமான குளிரில் பழகிக்கொண்டு உறைபனியையே தாங்கும் சிறு செடி. தக்காளி, வெள்ளரி, கத்தரி எல்லாம் வெப்பநாட்டு வழிவந்தவை. உறைநிலைக்கு வெகு மேலேயே அடிபடும். வெள்ளரியை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோலில் குழி விழும். தக்காளி 5 டிகிரியில் ஒரு வாரத்தைத் தாண்டினால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. குளிருக்கு முதலில் விழித்து மற்ற மரபணுக்களை இயக்கும் சி.பி.எஃப். மரபணுக்கள் தக்காளியிலும் மூன்று அடுத்தடுத்து உண்டு. ஆனால் 2004-இல் வந்த ஆய்வில் குளிரால் தூண்டப்பட்டது அவற்றில் ஒன்றுதான். அவற்றின் கட்டுப்பாட்டில் இயங்கும் மரபணுக் கூட்டமும் அராபிடாப்சிஸில் இருப்பதைவிடச் சிறியது.

மாதிரியைச் சூடேற்றி எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் தக்காளியை 4 டிகிரி அறையில் வைத்திருந்தார். அறை கீழ்த்தளத்தில், திரவ நைட்ரஜன் மாடியில். தட்டோடு மேலே கொண்டுவந்து, படம் எடுத்து, எடை போட்டு, கெட்டித்தன்மை அளந்து, அதன் பிறகு நிதானமாகத் தோலைச் சீவி உறைய வைத்தார். மரபணு இயங்கும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ.-வின் தரம் அப்பழுக்கில்லாமல் வந்தது. ஏமாற்றுவதே அந்தத் தரம்தான்: ஆர்.என்.ஏ. சிதையவில்லை, காய்தான் வெளிச்சூட்டுக்கு ஏற்ப மாறிவிட்டது. எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அறிய, ஆர்.என்.ஏ.-வின் வரிசையைப் படிக்கப் பணம் கட்டி அனுப்பியதில், “இந்த ரகத்தில் சி.பி.எஃப். குளிருக்கு அசையவில்லை” என்ற முடிவு வந்தது. பணமும் போயிற்று, பருவமும் போயிற்று. மறுபடி காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அராபிடாப்சிஸில், குளிர் பட்ட 15 நிமிடத்துக்குள் இந்த மரபணுக்களின் ஆர்.என்.ஏ. சேரத் தொடங்கும். வெப்பத்துக்குத் திரும்பியதும் அதன் அரை ஆயுள் சுமார் ஏழரை நிமிடம். அந்தக் கணக்கில், மேசையில் கால் மணி நேரம் இருந்தால் மிஞ்சுவது கால் பங்கு. தக்காளி பருமனானது, உள்ளே மெதுவாகத்தான் சூடேறும் என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, ஆனால் நாம் சீவுவது முதலில் சூடேறும் தோலை அல்லவா? போதாக்குறைக்கு, குலுக்குவதும் சி.பி.எஃப்.-ஐத் தூண்டும், அப்படியானால் படியேறியதே ஒரு சோதனை.

நைட்ரஜனைக் குளிர் அறைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே சீவி, அந்த நொடியே உறைய வையுங்கள். மூடிய அறையில் நைட்ரஜன் ஆவி ஆக்சிஜனை விரட்டிவிடும். ஆகவே சிறு குடுவையில் கொஞ்சமாக, கதவைத் திறந்துவைத்து, ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவியோடு, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். படத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் வேறு காய்களை ஒதுக்குங்கள்.

குளிரைத் தொடங்கும் நேரத்தையும் குறித்துவையுங்கள். விடிந்து 4 மணி நேரத்தில் குளிர் பட்ட அராபிடாப்சிஸில் எழும் சி.பி.எஃப். அளவு, 16 மணி நேரம் கழித்துப் பட்டதைவிட அதிகம். உள் கடிகாரம் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு ரகத்தைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் உள்ளே வைத்தவர், ரக வேறுபாடு என்று நினைத்து நேர வேறுபாட்டை அளந்துகொண்டிருப்பார்.

பறித்த அன்றைய காயோடு மட்டும் ஒப்பிடுவது

குளிரில் வைத்த பத்து நாளில் காய் முதிர்ந்திருக்கும். குளிரின் விளைவு எது, வயதின் விளைவு எது? 20 டிகிரியில் ஒரு கூட்டம் வைத்தாலும் அது வேகமாகப் பழுத்துவிடும். குளிர்க்காயம் உண்டாக்காத 12–13 டிகிரியிலும் ஒரு கூட்டம் வையுங்கள். இடம் இல்லை என்றால் ரகங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

குளிர் அறைக்குள்ளேயே காயத்துக்கு மதிப்பெண் போடுவது

வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் பொறுங்கள். குழியும் அழுகலும் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படும்.

ஆக்டினைக் கண்மூடி நம்புவது

மற்ற மரபணுக்களின் அளவை ஒப்பிட, மாறாத அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் மரபணு ஆக்டின். குளிரில் அது அசையாது என்று உங்கள் காயில் சோதித்தீர்களா?

ஒரு காயை மூன்றாக வெட்டி மூன்று மாதிரி என்பது

அது ஒன்றுதான்.

குளிரில் உயர்ந்ததெல்லாம் காப்பாற்றும் மரபணு என்பது

உருளைக்கிழங்கைப் பாருங்கள். குளிர்பதனக் கிடங்கில், அதன் செல்லின் நுண்குமிழியில் இயங்கும் இன்வர்டேஸ் என்ற நொதிக்கான மரபணு எழுகிறது. அந்த நொதி சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆக்குகிறது. வறுக்கும்போது சிப்ஸ் கறுக்கிறது, தீங்கான வேதிப்பொருளான அக்ரிலமைடும் கூடுகிறது. 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஒரு மரபணுவை அடக்கியதும், குளிரில் வைத்த கிழங்கிலிருந்தும் வெளிறிய சிப்ஸ் கிடைத்தது. குளிரில் எழுந்த மரபணுதான். ஆனால் கெடுத்தது அதுவே.

மரபணுவை அடக்கிப் பார்க்க வசதி இல்லாத ஆய்வகத்துக்கும் வழி உண்டு. தக்காளியை 38 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுக் குளிருக்கு அனுப்பினால் காயம் குறைகிறது. சூடுபட்டால் செல் உண்டாக்கும் காப்புப் புரதங்களான வெப்ப அதிர்வுப் புரதங்கள் அதற்குத் துணை நிற்கின்றன. ஒரே ரகத்தில் அப்படிக் காத்த காயையும் காக்காத காயையும் பக்கத்தில் வைத்து, நீங்கள் கண்ட மரபணு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அதுகூடச் செய்யாமல் தலைப்பில் “குளிர் தாங்கும் மரபணு” என்று போட்டு வரும் கட்டுரையில் நான் கையெழுத்திடுவதில்லை.