பழைய தேக்குக்கு அருகில் புதிய லேமினேட்

தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சலும், ஈட்டிமர நாற்காலியும், சென்ற மாதம் செய்த பிளைவுட் அலமாரியும் ஒரே கூடத்தில் நிற்க நேர்ந்தால், எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குப் பாலிஷ் போட்டுவிடலாம் என்றே பலருக்கும் தோன்றும், அது தேவையில்லை.

முதலில், அறையில் அதிக இடத்தைப் பிடித்திருக்கும் மரம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நிலையும் கதவுமாகவே இருக்கும். அதன் சாயலை அடிப்படையாகக் கொள்ளுங்கள். தேக்கிலும் பலாவிலும் பொன்மஞ்சள் இழையோடும். மகோகனியில் சிவப்பும், ஈட்டியில் ஊதா கலந்த கருமையும் தெரியும்.

தேக்கு நிலைக்கு அருகில் நிற்கும் பிளைவுட் அலமாரிக்குத் தேக்கு நிற லேமினேட்டை, அதாவது பலகைமேல் ஒட்டும் மெல்லிய மேல்தகட்டை, ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஏறத்தாழ ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் பொருத்தம் தவறியவை போலவே தோன்றும் என்பதால், தெளிவாக வெளிர்ந்த அல்லது தெளிவாக அடர்ந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடை விளக்கை நம்பாமல், மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, நிலையை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தி, காலை வெயிலில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள்.

நிறம் இணங்கினாலும் பளபளப்பு இணங்காவிட்டால் கண் உறுத்தும். கண்ணாடிபோல் மின்னும் மெலமைன் பாலிஷுக்குப் பக்கத்தில் மங்கலான மேட் பலகை அழுக்கேறியதுபோல் தெரியும்.

ஈட்டி நாற்காலி தனித்து நின்றால், எதிர்ச்சுவரில் அதே கருமையில் ஒரு படச்சட்டத்தை மாட்டுங்கள். மர நிற டைல்ஸ் தரையாக இருந்தால், இடையே ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்தாலே போதும்.

புதிதாக இழைத்த தேக்கு, வெளிச்சம் பட்டுச் சில மாதங்களில் நிறம் மாறும். அதன் பிறகே லேமினேட்டை முடிவு செய்யுங்கள்.