தூர்வாரிய வண்டலுக்கு இணைய வரைபடம்: கன அளவு தப்பாமல் இருக்க

எங்கே வெட்டினோம், அந்த மண்ணில் என்ன இருந்தது, எங்கே கொட்டினோம். இந்த மூன்றும் ஒரே வரைபடத்தில் தெரிய வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவி, அதில் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) ஏற்றத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

1. லேயர்கள் (வரைபடத்தின் அடுக்குகள்). வெட்டும் பகுதிக்கும் கொட்டும் இடத்துக்கும் பாலிகன் (எல்லை வரைந்த பரப்பு), மாதிரி எடுத்த இடத்துக்குப் புள்ளி. இவற்றோடு, வரைபடத்தில் தெரியாத ஓர் அட்டவணையும் வேண்டும்: தேதி, வெட்டிய பகுதி, கொட்டிய இடம், கன மீட்டர். ஒரே பகுதியின் மண் இரண்டு மூன்று இடங்களுக்குப் போகும் என்பதால் இதைப் பாலிகனுக்குள் திணிக்க முடியாது.

லேயர்களைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் வேண்டாம், ஜியோபேக்கேஜ் வடிவம் போதும். ஷேப்ஃபைலில் புலத்தின் (அட்டவணை நெடுவரிசையின்) பெயர் 10 எழுத்தைத் தாண்டினால் வெட்டுப்படும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் தொல்லை. மாதிரி எண்ணை ‘3-5’ என்று வைக்காதீர்கள், எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். ‘மா03_05’ போல வையுங்கள்.

2. மாதிரி விவரம். எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை எடுத்தது என்று இரண்டு புலம் கட்டாயம். மேல் 20 செ.மீ. மண்ணின் முடிவை ஒன்றரை மீட்டர் ஆழத்து மண்ணுக்கும் பொருத்த முடியாது. 63 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள் எத்தனை சதவீதம் என்பதையும் போடுங்கள். ஈயம், காட்மியம் போன்றவை பெரும்பாலும் அந்த நுண்துகளில்தான் ஒட்டியிருக்கும். அளவு மி.கி./கி.கி. என்றால் உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்பதும் பதிவாக வேண்டும்.

3. ஆயத்தொலைவு முறை, அதாவது பூமியில் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. பெரும்பாலான கணக்கு கெடுவது இங்கேதான். இணைய வரைபடங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறை (அதன் குறியீட்டு எண் 3857) பார்ப்பதற்கு மட்டுமே, அளப்பதற்கு அல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அதில் பரப்பு வீங்கும்: 45 பாகை அட்சரேகையில் இரண்டு மடங்கு, 60 பாகையில் நான்கு மடங்கு. 45 பாகையில் 200 × 50 மீட்டர் பகுதியை 1.5 மீட்டர் வெட்டினால் உண்மையில் 15,000 கன மீட்டர். 3857-இல் கணக்கிட்டால் 30,000. வரைபடத்தைப் பார்த்தால் தவறே தெரியாது, அதுதான் ஆபத்து.

அதனால் உங்கள் இடத்துக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) லேயரை மாற்றி எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அளவிடுங்கள். லேயரின் ஆயத்தொலைவு முறையை வெறுமனே ‘செட்’ செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகைதான் மாறும். ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் ‘ஏரியா’, புராஜெக்டில் எலிப்சாய்டு (பூமியின் வளைந்த வடிவத்துக்கான கணித மாதிரி) அமைத்திருந்தால் அதன்படி அளக்கும். ஜியாமெட்ரியை (வரைந்த வடிவத்தை) அடைப்பில் கொடுக்கும் ‘ஏரியா’ லேயரின் தட்டையான ஆயத்தொலைவில் அளக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தால் நிம்மதி.

4. கன அளவு. வெட்டுமுன், வெட்டியபின் எடுத்த ஆழ அளவீடுகளை ஒரே செல் அளவுள்ள, ஒரே மூலையில் தொடங்கும் ராஸ்டர்களாக்குங்கள் (ராஸ்டர் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் உள்ள கட்ட வரைபடம், அந்தக் கட்டமே செல்). ராஸ்டர் கால்குலேட்டரில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வித்தியாசங்களின் கூட்டுத்தொகையைச் செல் பரப்பால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உயர அடிப்படை (உயரத்தை அளக்கத் தொடங்கும் மட்டம்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்: 10,000 சதுர மீட்டரில் 10 செ.மீ. பிசகினால் 1,000 கன மீட்டர் கூடும் அல்லது குறையும்.

கிடைப்பது ஆற்றுப்படுகையில் இருந்த அளவு. வெட்டியெடுத்த மண் உப்பும்; மணல் கொஞ்சம், நீரோடு உறிஞ்சிய களி நிறைய. கொட்டுமிடத்தில் அளந்ததை இதோடு நேராக ஒப்பிடாமல், உப்பல் விகிதத்தைத் தனிப் புலமாக வையுங்கள்.

5. வெளியிடுதல். வரைபடத்தை இணையப் பக்கமாக்கும் க்யூஜிஐஎஸ்2வெப் செருகுநிரலில் லீஃப்லெட்டை (இணைய வரைபடத்துக்கான நிரல் தொகுப்பு) தேர்ந்தெடுங்கள், ஆயத்தொலைவுக்கு ஆறு தசம இலக்கம் போதும். அதுவே சுமார் 11 செ.மீ. துல்லியம். வெளியில் போகக்கூடாத புலங்களை எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே நீக்குங்கள். பாப்-அப்பில் மறைத்தாலும் தரவுக் கோப்பு உலாவிக்குப் போய்விடலாம்.

பின்சேர்க்கை: புள்ளிகள் வேறு கண்டத்திலோ நடுக்கடலிலோ விழுந்தால், ஆயத்தொலைவின் வரிசை மாறியிருக்கலாம்: ஜியோஜேசான் என்ற தரவுக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட்டில் கையால் எழுதும்போது அட்சரேகை முதலில் வரும். வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.